ராசாவை எங்கே ஒளிப்பது

1

இது கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. கேட்டவன் தவச்செல்வன். சுவிஸில், ஷ்லீரனில் தன் ஒற்றை அறையில் இருந்து தட்டெழுதி, துப்புரவு வேலைக்குப் போகிற கந்தோரில் (அலுவலகத்தில்) ஒருவரும் இல்லாத நேரம் போட்டோக்கொப்பி அடித்து, ஐரோப்பா முழுக்கத் தபாலில் அனுப்புகிற எங்கள் சஞ்சிகைக்கு ஆசிரியர், தட்டெழுத்தாளர், தபால்காரர் எல்லாம் அவன்தான். அடுத்த இதழ் 'அரசு' பற்றியது என்றான்.

"எல்லாரும் எங்கட பிரச்சினையைத்தான் எழுதுறாங்கள். நீ ஆபிரிக்காவைப் பற்றி எழுது. அங்கத்தைப் பழைய தலைமை முறை, வெள்ளைக்காரன் கொண்டுவந்த அரசு, ரெண்டும் முட்டினதைப் பற்றி. நாலு பக்கம் காணும். பயப்பிடாமல் எழுது."

சரி என்று உட்கார்ந்தேன். முதல் வாக்கியம் வாய்க்கு நன்றாகவே வந்தது: "ஐரோப்பியர் வருமுன் ஆபிரிக்காவின் பல பகுதிகளில் தலைமை என்பது நிலத்தின் மீது போட்ட எல்லைக்கோடாக இருக்கவில்லை, மனிதர்களுக்கிடையில் இருந்த ஓர் உடன்பாடாக இருந்தது." பெரிய ஆள் எழுதியது மாதிரி இல்லையா? எனக்கே பெருமையாக இருந்தது. இரண்டாவது வாக்கியத்துக்குப் போகும்போது, செருப்புக்காலோடு ஒருவர் கட்டுரைக்குள் நடந்து வந்து கதிரையில் இருந்துவிட்டார். எழுப்பிப் பார்த்தேன். எழும்பவில்லை.

அவரை எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தப் பயம்.

2

தொடங்கிப் பார்த்த விதங்கள்:

"அந்த ஆண்டு மார்கழியில், பீல் நகரத்துப் பஸ் நிலையத்துக்குப் பின்னால், அகதிகளை வைத்திருந்த ஒரு பழைய" — வேண்டாம். மாதமும் இடமும் சேர்ந்து வந்தால் தேடுகிறவனுக்கு வேலை சுகம்.

"அவர் மேற்கு ஆபிரிக்காவில்" — இதற்குப் பிறகு நாட்டின் பெயரை எழுதினேன். வெட்டினேன். வெட்டினதுக்குள்ளால் தெரிகிறதோ என்று தாளை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். தெரிந்தது. தாளையே கிழித்துப் போட்டேன்.

"ஒரு ஊரிலே ஒரு ராசா இருந்தார்." — ஐயோ, இது எல்லாவற்றிலும் மோசம். ஏனென்று கொஞ்சத்தில் தெரியும்.

ஆகவே குசினியில் தொடங்குகிறேன். பீல் என்பதை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுகிறேன். அதுகூட உண்மையோ என்று என்னைக் கேட்கக் கூடாது.

3

அந்த அகதி விடுதியை நாங்கள் ஹைம் என்போம். அசூல், அதாவது அரசியல் தஞ்சம், கேட்டவர்கள் முடிவு வரும்வரை இருக்கும் இடம். எங்கள் தளத்துக் குசினிக்கு அதிகாரி ஞானேஸ்வரி அக்கா. ஊர் கரவெட்டி. கணவர் இன்னும் கொழும்பில் ஒரு லொட்ஜில் முடங்கிக் கிடந்தார். அந்தக் கவலையை எல்லாம் அக்கா சட்டியில் போட்டு வதக்குவார். ஆர் எவர் என்று பாராமல் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்.

என் அறையில் மூன்று கட்டில். ஒன்று எனக்கு. ஒன்று யோகராஜா அண்ணைக்கு, ஊரில் வங்கியில் இருந்தவர், இங்கிலிஷ் தண்ணீர் மாதிரி வரும். மூன்றாவது கட்டிலில் ஜோசப். நாற்பதைத் தொடாத வயது, நல்ல உயரம். (ஜோசப் அவர் பெயரல்ல. அவர் தன் பெயராகச் சொன்னதும் அதுவாக இருந்திராது. இரண்டு பொய்க்குக் கீழே அவர் இருக்கிறார், இருக்கட்டும்.)

ஜோசப் வெறுங்காலைத் தரையில் வைக்க மாட்டார். கட்டிலால் இறங்கும்போது கால் நேரே செருப்புக்குள் போகும். குளிக்கப் போனாலும் செருப்பு. விமான நிலையத்தில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னபோது சேர்ட்டைக் கழற்றி நிலத்தில் விரித்து அதில் ஏறி நின்றாராம். "பெரிய துரை வீட்டுப் பிள்ளை" என்று யோகராஜா அண்ணை நக்கலடிப்பார்.

ஒரு நாள் பேச்சுவாக்கில் ஜோசப் அண்ணையிடம் பெயருக்கு அர்த்தம் கேட்டார். யோகராஜா அண்ணைக்குச் சொல்லவா வேண்டும்? நெஞ்சை நிமிர்த்தி, "ராஜா என்றால் அரசன். நாங்கள் சாதாரண ஆக்களில்லை, கண்டீரோ" என்று இங்கிலிஷில் ஒரு விரிவுரை.

பிழை அங்கேதான் நடந்தது. அப்போது எங்களுக்கு அது தெரியவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அக்கா குசினியில் நின்று ஜோசப்புக்குக் கோப்பையை நீட்டினார். "இந்தா ராசா, தேத்தண்ணி. சூடு, மெல்லக் குடி ராசா."

ஜோசப்பின் கை அப்படியே நின்றது. கோப்பை விழுந்து உடைந்தது. அவர் குனிந்து பொறுக்கவில்லை. கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். போய் அறையைப் பூட்டிக்கொண்டார்.

* எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் இந்த இதழ் சென்னைக்கும் போகிறது. யாழ்ப்பாணத்தில் 'ராசா' என்றால் முடியும் இல்லை, செங்கோலும் இல்லை. மகன், தம்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளை, மீன்காரர், எல்லாரும் ராசா. செல்லம் என்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் சொல் அது.

4

அதற்குப் பிறகு அவர் குசினிப் பக்கம் வரவேயில்லை. சாப்பாடு பாண் ரொட்டியும் குழாய்த் தண்ணீரும். நாங்கள் அறைக்குள் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார், ஆனால் நித்திரை இல்லை என்று முதுகு சொல்லும். அக்கா அழாத குறை. "நான் என்ன நஞ்சே வைச்சனான்? என்ர கையால வாங்கித் தின்னக் கூசுதோ அந்தாளுக்கு?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நானும் யோகராஜா அண்ணையும் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது ஜோசப் வாசலில் வந்து நின்றார். மெலிந்து போயிருந்தார்.

"அந்தப் பெண்ணுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார்.

"எதை?" என்றார் அண்ணை.

"நான் யார் என்று."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். அந்த நேரம் பார்த்து வெளியே முற்றத்தில் அக்காவின் குரல்: "சீ, அங்கால போ ராசா! மீன் தலையில வாயை வையாதை ராசா!"

ஜோசப் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். முற்றத்தில் அக்காவும் ஹைமின் சாம்பல் பூனையும் மட்டும் நின்றார்கள். யோகராஜா அண்ணை விளங்கப்படுத்தினார். ராசா என்று அக்கா பூனையையும் சொல்லுவார், என்னையும் சொல்லுவார், ஹைம் பொறுப்பாளரையும் சொல்லுவார்.

ஜோசப் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே கதிரையில் இருந்தார். பிறகுதான் அது அழுகை என்று கண்டோம். கேட்கக் கூடாத கேள்வியைத் தானே கேட்டுவிட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது?

5

அவர் சொன்னதை எழுதுமுன், எப்படிச் சொன்னார் என்பதை எழுத வேண்டும். அவர் முன்னால் இருந்தவர் யோகராஜா அண்ணை. இங்கிலிஷ் நன்றாகத் தெரிந்தவரும் அண்ணைதான். ஆனால் ஜோசப் என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் ஒரு வசனம் சொன்னார். சொல்லிவிட்டு நிறுத்தினார். காத்திருந்தார். நான் விழித்தேன். அவர் கண்ணால் அண்ணையைக் காட்டினார். நான் அந்த வசனத்தை எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் உரத்துச் சொன்னேன். அதன் பிறகுதான் அடுத்தது வந்தது.

அவருடைய ஊரில் தலைவர் சபையில் நேராகப் பேசுவதில்லை. பக்கத்தில் ஒருவர் இருப்பார், தலைவரின் வாய். தலைவர் முணுமுணுப்பார், வாய் அதை அழகாக்கி ஊருக்குச் சொல்லும். தலைவரை ஊர்ப் பெரியவர்கள்தான் இருக்கையில் வைப்பார்கள். பிடிக்காவிட்டால் செருப்பைக் கழற்றி வெறுங்காலை மண்ணில் வைக்கச் செய்வார்கள். கால் மண்ணில் பட்டால் தலைமை முடிந்தது. அதற்கும் வழியில்லையென்றால் சனம் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வேறொரு தலைவரிடம் போய்விடும். சனம் போன பிறகு யாருக்குத் தலைவர்?

வெள்ளைக்காரருக்கு இது ஒத்துவரவில்லை. ஒரு வரைபடத்துக்கு ஒரு கையெழுத்து வேண்டும். அரசன் என்ற சொல் இலண்டனில் இருப்பவருக்கு மட்டும், உங்களுக்குச் 'சீஃப்' காணும் என்றார்கள். தொப்பி கொடுத்தார்கள், வரி சேர்க்கச் சொன்னார்கள். அந்த நாளிலிருந்து சனத்துக்குத் தலைவரை இறக்க முடியாமல் போயிற்று. அரசாங்கக் கந்தோர்தான் ஏற்றும், கந்தோர்தான் இறக்கும். பிறகு வெள்ளைக்காரர் போனார்கள். கந்தோர் போகவில்லை.

(கட்டுரை என்றால் இந்தப் பந்திதான் கட்டுரை. தவச்செல்வன் விரும்பினால் இதை மட்டும் வெட்டி எடுத்துப் போடலாம்.)

ஜோசப் தலைவர் இருக்கைக்கு வந்தபோது புதிய அரசாங்கம் ஆற்றங்கரை நிலத்தைக் கேட்டது. மறுத்துப் பேசிய பொடியளின் பெயரைக் கேட்டது. நீ அரசாங்கத்தின் ஆள்தானே, கொடு என்றது. ஜோசப் கொடுக்கவில்லை. பழைய முறைப்படி சபையைக் கூட்டினார். சபைக்கு இராணுவம் வந்தது. அவருக்குப் பக்கத்தில் இருந்த வாய், அவர் சொன்ன கடைசி வசனத்தை ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுடப்பட்டது.

ஆற்றைக் கடத்தி அவரைத் தப்ப விட்டவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

"அக்கா கூப்பிட்ட சொல்லை, அரசன் என்பதை, வெள்ளைக்காரர் எங்கள் வாயிலிருந்து எடுத்து எத்தனை காலம்!" என்றார். "அதைத் திருப்பிக் கேட்டபோது, முதலில் சந்தோசம் வந்தது. அதற்குப் பிறகுதான் பயம்."

பிறகு எங்கள் இருவரையும் பார்த்து இன்னொன்று சொன்னார்.

[இங்கே ஒரு வரி இருந்தது. தமிழர் நாடு கேட்பதைப் பற்றி ஜோசப் சொன்னது. தவச்செல்வன் எடுக்கச் சொன்னான். "மச்சான், நீ பீலில இருக்கிறாய். சஞ்சிகையில இருக்கிற விலாசம் என்ர. எங்கட ஆக்களில கதவைத் தட்டுறவன் என்ர கதவைத்தான் தட்டுவான்." பயப்பிடாமல் எழுது என்ற அதே வாய்.]

யோகராஜா அண்ணை கத்தியை மேசையில் போட்டுவிட்டு எழும்பினார். "நீர் ஆர் எங்களுக்குப் புத்தி சொல்ல?" என்று தமிழிலேயே கத்தினார். கதவு அடிபட்டது.

6

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவர் உண்மையிலேயே தலைவர்தானா?

யோகராஜா அண்ணைக்கு அதே சந்தேகம். "அசூலுக்கு வாறவன் ஆர், தான் ராசா இல்லையெண்டு சொல்லுறான்? இவனும் ஒரு கதை கட்டுறான்."

ஆனால் ஜோசப் அசூல் கேட்ட இடத்தில் அந்தக் கதையைச் சொல்லவேயில்லை. முதல் இன்ரவியூவில் தான் ஒரு விவசாயி என்றுதான் சொன்னார். ஒரு விவசாயியை இராணுவம் ஏன் தேடும் என்று கேட்டார்கள். இரண்டாவது இன்ரவியூவுக்குத் தேதி வந்துவிட்டது. அங்கேயும் பதில் இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள். அனுப்பினால் விமான நிலையத்திலேயே முடிந்தது.

"அப்ப உண்மையைச் சொல்லும்" என்றேன்.

சொன்னால்? அந்த அறையை நான் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் எல்லாருடைய இன்ரவியூவும் ஒரே மாதிரித்தான், ஆகவே எழுதிப் பார்க்கிறேன். அதிகாரி கேட்பார்: சீஃப் என்பது அரசாங்கப் பதவிதானே? சம்பளம் தந்தது யார்? அரசாங்கம். அப்படியென்றால் நீங்கள் அரசு. அரசு எப்படி அரசையே துன்புறுத்தும்? ஜோசப் பக்கத்தில் இருக்கிற மொழிபெயர்ப்பாளரைத் தன் வாய் என்று நினைத்து, அதிகாரியைப் பாராமல், அவளிடம் முணுமுணுப்பார். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, நம்பத் தகுந்தவரல்ல என்று பதிவாகும். பதிவான கடதாசி எங்கே போகும், யார் வாசிப்பார்கள்? ஆற்றங்கரையில் இருக்கிறவர்களுக்கு அது எப்போது போய்ச் சேரும்?

வாயைத் திறந்தால் சாவது அவர்கள். மூடினால் இவர். ஜோசப் கட்டிலில் இருந்து தன் செருப்பைப் பார்த்தபடி இருந்தார். எனக்கு அவரோடு ஒரே அறையில் இருக்கவே பயமாக இருந்தது. அவருடைய பழைய வாய் செத்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை குசினியில் இருந்து புதிய வாய் நான்.

இதை எழுதுகிறபோதும் நான்தான்.

7

இன்ரவியூவுக்கு முதல் நாள் காலை ஹைமுக்குப் புதிய ஆள் ஒருவன் வந்தான். ஜோசப்பின் நாடு. இளைஞன். அசூல் கேட்டு வந்தவன் என்றார்கள். ஆனால் சப்பாத்து மினுங்கியது. அகதியின் சப்பாத்து அப்படி மினுங்குமோ? (மினுங்கும். வெளிக்கிடும்போது அம்மா நல்ல சப்பாத்தைத்தான் போட்டு விடுவா. இந்த வரியை நான் எத்தனை தரம் மாற்றி எழுதினேன்!)

மத்தியானம் அவன் எங்கள் குசினிக்கு வந்தான். ஜோசப் மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா குழம்புச் சட்டியோடு நின்றார். நானும் அண்ணையும் மேசையில்.

புதியவன் யோகராஜா அண்ணையிடம் நல்ல இங்கிலிஷில் கேட்டான். "தாழ்வாரத்தில் இந்த அம்மா ஒருவரை ராஜா என்று கூப்பிட்டது கேட்டது. ராஜா என்றால் அரசன் அல்லவா? யாரை அப்படிக் கூப்பிடுகிறார்?"

கேட்கும்போது சிரித்தான். கண் மட்டும் மூலைக்குப் போயிருந்தது.

ஜோசப் கையிலிருந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவும் இல்லை, சோற்றுக் கோப்பையில் போடவும் இல்லை. யோகராஜா அண்ணையைப் பார்த்தேன். அவர் ஜோசப்போடு கதைக்காமல் இருந்த நேரம் அது. காட்டிக்கொடுக்க, கோபத்தில் ஒரு சொல் போதும்.

அக்காவுக்கு இங்கிலிஷ் தெரியாது. ஆனால் ஜோசப்பின் முகத்தை வாசிக்க இங்கிலிஷ் எதற்கு? சட்டியை மேசையில் வைத்தார்.

"வா ராசா, ஏன் நிண்டுகொண்டு கதைக்கிறாய்? இரு ராசா," என்று புதியவனின் தோளைப் பிடித்துக் கதிரையில் அமத்தினார். "தம்பி ராசா, அந்தக் கோப்பையை எடு," என்று என்னிடம். "யோகராசா, ராசா, பூனைக்குப் பாலை ஊத்து. டேய் ராசா, காலுக்குள்ள வராதை," என்று பூனையிடம். ஜன்னலுக்கு வெளியே ஹைம் பொறுப்பாளர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அவரையும் விடவில்லை. "குட்டன் டாக் ராசா!" பொறுப்பாளர் கை காட்டினார்.

யோகராஜா அண்ணை புதியவனைப் பார்த்தார்.

"எங்கட பாசையில அதுக்குச் செல்லம் எண்டு கருத்து," என்று இங்கிலிஷில் சொன்னார். "இவவுக்கு எல்லாரும் ராசா. இப்ப நீரும் ராசா. சாப்பிடும்."

அவன் சாப்பிட்டான். நன்றி சொன்னான். சிரிக்கவில்லை.

அவன் ஒற்றனா, என்னைப் போல ஓடி வந்த அப்பாவியா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்தக் கதையில் என்னைப் பயப்படுத்துகிறது அதுதான்.

8

அடுத்த நாள் விடிந்து வெளிச்சம் வந்த நேரம். மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். இன்ரவியூவுக்குப் போக வெளிக்கிட்ட ஜோசப் முற்றத்தின் நடுவில் நின்றார். இரவு பெய்த பனி மெல்லியதாகக் கிடந்தது. வலது காலைச் செருப்பிலிருந்து எடுத்தார்.

எனக்கு விளங்கிவிட்டது. கால் மண்ணில் பட்டால் அவர் தலைவர் இல்லை. பிறகு அந்த அறைக்குப் போய், நான் விவசாயி என்று பொய் இல்லாமலே சொல்லலாம். காப்பாற்ற ஒன்றும் மிச்சம் இராது. என்ன மனுசன்! ஒரு தலைமையையே கழற்றிப் போடத் துணிந்து நின்றார்.

குசினிக் கதவு திறந்தது.

"ஐயோ ராசா! உனக்கென்ன விசரே? குளிரில விறைச்சுச் சாகப் போறாய்!" அக்கா ஓடி வந்தார். தன் காலில் கிடந்த ரப்பர்ச் செருப்பைக் கழற்றி, குனிந்து, அவருடைய காலுக்குக் கீழே தள்ளினார். தான் வெறுங்காலோடு பனியில் நின்றார்.

அந்தக் கால் முதலில் பட்டது பனியிலா, செருப்பிலா? மாடியிலிருந்து தெரியவில்லை. அக்காவை ஒரு தரம் கேட்டேன். "எந்தக் கால்? போடா விசரா" என்றார்.

9

முடிவு ஒன்று: அவர் விவசாயி என்றார், நம்பினார்கள்.

முடிவு இரண்டு: அவர் தலைவர் என்றார், நம்பவில்லை, பொலிஸ் வந்து கூட்டிக்கொண்டு

முடிவு மூன்று: பஸ்ஸில் ஏறினார், இன்ரவியூவுக்குப் போகவில்லை, இன்று ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேறொரு பெயரில்

போதும். இதில் ஒன்று நடந்தது. எது என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால் அவர் இருக்கிற இடமோ, இல்லாத இடமோ, இரண்டில் ஒன்று தெரிந்துவிடும். தவச்செல்வனுக்கும் சொல்லவில்லை. வாயின் வேலை அழகாகச் சொல்வது. சில நேரம் மூடிக்கொண்டிருப்பதும் அதே வேலைதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் எடுத்த வரியை வைக்கப் போகிறேன். தவச்செல்வன் தட்டெழுதும்போது இந்த இடத்துக்கு வரக் களைத்திருப்பான், கவனிக்க மாட்டான். கவனித்தால், தவம், என்னை மன்னி, விட்டுவிடு. ஜோசப் எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னது இது: "உங்களுக்கு நாடு இல்லாததால் ஓடி வந்தீர்கள். எனக்கு நாடு கிடைத்ததால் ஓடி வந்தேன். கிடைக்கும்போது அது யாருடைய தொப்பி என்று பார்த்து வாங்குங்கள்."

அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு பயம் என்று நீங்கள் கேட்கலாம். ஓம், இதற்குத்தான்.

மிச்சத்தை வாசிக்கிற உங்களிடம் தருகிறேன். பஸ்ஸில், ரயில் மேடையில், தொழிற்சாலை வாசலில், கறுப்பு நிறத்தில் உயரமாக ஒருவரைக் கண்டால் அவர் காலைக் குனிந்து பார்க்க வேண்டாம். அவரை ராசா என்று கூப்பிடுங்கள். பக்கத்தில் நிற்கிறவரையும் கூப்பிடுங்கள். சாரதியை, டிக்கெட் பார்க்க வருகிறவரை, மினுங்குகிற சப்பாத்துப் போட்டவனை, எதிர்ப்படுகிற பூனையை, எல்லாரையும் கூப்பிடுங்கள்.

ஒராளை மட்டும் கூப்பிட்டிடாதேங்கோ, ராசா.